மெட்டாடார்சல்: காலில் இருக்கும் எலும்புக்கு இப்படியொரு பேர் எங்கிருந்து வந்தது?

கோத்தகிரி குமரன்:
வணக்கங்க. எங்க சித்தி தோட்டத்துல இலை பறிச்சுட்டு சரிவுல இறங்கும்போது கால் உள்பக்கமா மடங்கி விழுந்துட்டாங்க. எக்ஸ்ரே ரிப்போர்ட்ல "இடது கால், ஐந்தாவது மெட்டாடார்சல் அடிப்பகுதியில் முறிவு"ன்னு போட்டிருக்கு. கட்டுப் போட்டாச்சு, ஆள் தெம்பா இருக்காங்க. வைத்தியம் கேக்க இந்த இழையை ஆரம்பிக்கலை. பார்க்க வர்றவங்க எல்லாரும் "அது என்ன எலும்பு சாமி?"ன்னு கேக்கறாங்க. மெட்டான்னா இப்ப எல்லாருக்கும் ஃபேஸ்புக் கம்பெனிதான் ஞாபகம் வருது. டார்சல்னா என்ன? பக்கத்து வீட்டு அண்ணன், பைபிள்ல வர்ற பவுல் பிறந்த தர்சு பட்டணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அடிச்சுச் சொல்றார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர் பிசியோ:
முதல்ல இடத்தைப் பிடிச்சுக்கலாம், பேருக்கு அப்புறம் வரலாம். ஒரு பாதத்துல 26 எலும்பு. குதிகாலும் கணுக்காலும் சேர்ந்த பின்பகுதியில 7, அதுதான் டார்சல். விரல்கள்ல 14: கட்டைவிரலுக்கு 2, மத்த நாலுக்கும் மும்மூணு. இந்த ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல நீளவாக்குல 5 எலும்பு ஓடுது, அதுதான் மெட்டாடார்சல். கட்டைவிரல் பக்கத்துல இருந்து எண்ணணும். அதனால ஐந்தாவதுன்னா சுண்டுவிரலோடது.

பாதத்தோட வெளி ஓரத்தைச் சுண்டுவிரல்ல இருந்து குதிகால் பக்கமா தடவிட்டே வாங்க. பாதி தூரத்துல ஒரு முண்டு தட்டுப்படும். அதுதான் அஞ்சாவதோட அடிப்பகுதி. கெண்டைக்காலுக்கு வெளிப்பக்கம் இருக்கற ஒரு தசையோட நாண் அங்க வந்து ஒட்டுது. கால் உள்பக்கமா மடங்கும்போது அந்த நாண் இழுத்து எலும்பைப் பேர்த்துடும். மலைச்சரிவுல வேலை செய்யறவங்ககிட்ட நான் அடிக்கடி பாக்கறது இது. அதே எலும்புல கொஞ்சம் முன்னாடி தள்ளி முறிஞ்சா அதுக்கு ஜோன்ஸ் முறிவுன்னு தனிப் பேர், அது கூடறதுக்கு நாளாகும். ராபர்ட் ஜோன்ஸ்ங்கற பிரிட்டிஷ் எலும்பு டாக்டர் நடனம் ஆடும்போது தன் கால்லயே வாங்கிக்கிட்டு, 1902ல அதை எழுதி வெச்சார்.

அருள் வெலிங்டன்:
செமினரியில கிரேக்கம் படிச்சதுக்கு இப்பவாவது ஒரு உபயோகம் வந்துச்சு. 'மெட்டா'ன்னா 'அப்பால், அடுத்து'. 'டார்சோஸ்'க்கு அடுத்து இருக்கறது மெட்டாடார்சஸ். அவ்வளவுதான். சுவாரசியம் டார்சோஸ்லதான்.

டார்சோஸ்னா கிரேக்கத்துல முதல்ல பின்னல் தட்டு. குச்சியாலோ நாணலாலோ முடைஞ்ச தட்டி, பாலாடைக்கட்டி காயவைக்கறதுக்கு. பழைய கிரேக்கக் கவி ஹோமரோட ஒடிசி காவியத்து ஒன்பதாம் காண்டத்துல ஒற்றைக்கண் அரக்கன் குகைக்குள்ள ஒடிசியஸ் ஆளுங்க நுழையறப்ப, அங்க 'டார்சோய்' பாலாடைக்கட்டியால நிறைஞ்சு கிடக்குது. அதே ஹோமர் இலியட் பதினோராம் காண்டத்துல இன்னொரு இடத்துல இதே சொல்லைப் போடறார்: டிராய் இளவரசன் பாரிஸ் விட்ட அம்பு டயோமிடீஸ்ங்கற கிரேக்க வீரனோட வலது பாதத்து டார்சோஸைத் துளைச்சு, அந்தப் பக்கம் போய் மண்ணுல குத்தி நிக்குது. அதாவது அவ்வளவு பழைய காலத்துலயே ஒரே சொல் தட்டையும் குறிச்சுது, பாதத்தோட தட்டையான பகுதியையும் குறிச்சுது. துடுப்போட அலகு, கண் இமை ஓரம் எல்லாத்துக்கும் அந்தச் சொல் போச்சு. இன்னைக்கும் இமைக்குள்ள இருக்கற கெட்டியான தகட்டுக்கு கண் டாக்டருங்க டார்சஸ்னுதான் சொல்வாங்க.

தர்சு பட்டணம் வேற கதை. அது கிரேக்கர் வர்றதுக்கு முன்னாடியே இருந்த ஊர், இன்னைய துருக்கிப் பக்கம் ஆண்ட பழைய ஹிட்டைட் மக்களோட எழுத்துகள்ல 'தர்சா'ன்னு வருது. அண்ணன்கிட்ட மெதுவா சொல்லுங்க.

கட்டபெட்டு கண்ணன்:
பாலாடைக்கட்டி சங்கதி எனக்குப் பிடிச்சுப் போச்சு. ஆனா தட்டி எதுக்கு? பலகையில வெச்சா காயாதா?

ஜெனி, கீழ்கோத்தகிரி:
காயாது அண்ணா. நான் வீட்டுல சின்ன அளவுல சீஸ் போடறேன். உறைஞ்ச பாலைப் பிழிஞ்சு கட்டியாக்கின பிறகும் உள்ள இருந்து தண்ணி வடிஞ்சுட்டே இருக்கும். பலகையில வெச்சா அடிப்பக்கம் ஈரம் தேங்கி நாறிடும். கீழயும் காத்துப் போகணும், அதுக்குத்தான் மூங்கில் பாய் மாதிரி எதையாவது போடறது. அப்படி வெச்சா பாயோட வரி கட்டி மேல அப்படியே பதிஞ்சிருக்கும். நம்ம டீ ஃபேக்டரியில இலை வாட்டற விதரிங் டிரஃப்ல பச்சை இலையைக் கம்பி வலை மேல பரப்பி, அடியில ஃபேன் வெச்சு ஊதறாங்களே, யோசனை ஒண்ணுதான்.

அருள் வெலிங்டன்:
@ஜெனி, நீங்க வேரையே தொட்டுட்டீங்க. டார்சோஸ் வந்தது 'காய்தல், உலர்தல்'ங்கற வேர்ல இருந்து. அதே வேர் லத்தீன்ல போய் 'டெர்ரா' ஆச்சு, காய்ஞ்ச நிலம், தரை. சமஸ்கிருதத்துல 'திருஷ்ணா', தொண்டை வறட்சி, அதுல இருந்து ஆசை. பௌத்தத்துல ஆசையே துன்பத்துக்குக் காரணம்னு சொல்றாங்களே, அந்தத் திருஷ்ணை. ஆக பாத எலும்பும் புத்தர் விடச்சொன்ன ஆசையும் ஒரு வேர்ல இருந்து வந்த சொல்லுங்க. நம்ம 'தாகம்' இதுல சேராது. அது எரிச்சல்னு பொருள்படற 'தாஹ'வில இருந்து வந்தது.

கட்டபெட்டு கண்ணன்:
எலும்பெல்லாம் பின்னின மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கறதால தட்டின்னு வெச்சிருப்பாங்களோ?

அருள் வெலிங்டன்:
அப்படிச் சொல்றவங்க உண்டு. எனக்கு அது ஒட்டலை. பாதத்தை அறுத்து உள்ள எத்தனை எலும்புன்னு எண்ணின பிறகுதான் அந்த யோசனை வரும். ஹோமர்ல அம்பு பாயற இடத்துல யாரும் எலும்பை எண்ணலை. தட்டையா இருக்கு, அதனால தட்டு. இன்னொண்ணு: அந்தப் பழைய டார்சோஸ் விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவுல இருக்கற பரப்பு முழுக்க. பின்னாடி வந்த உடற்கூற்றுக்காரங்கதான் அதைச் சுருக்கி, பின்பக்கத்து 7 எலும்புக்கு மட்டும்னு ஒதுக்கினாங்க. அதனால டயோமிடீஸை இன்னைக்கு எக்ஸ்ரே எடுத்தா ரிப்போர்ட்ல மெட்டாடார்சல்னு வரவும் நிறைய வாய்ப்பு இருக்கு.

ஓய்வு தமிழாசிரியர், உதகை:
எல்லாம் சரி. ஹோமர் காலத்துப் பாலாடைத் தட்டை நாம் ஏன் வாயில் போட்டு மெல்ல வேண்டும்? நம்மிடம் காலுக்குச் சொல் பஞ்சமா? கணு என்றால் மூங்கிலிலும் கரும்பிலும் வரும் முடிச்சு, அதுதான் கணுக்கால். கணுக்காலுக்குப் 'பரடு' என்றும் 'கரடு' என்றும் பழைய பெயர்கள் உண்டு. அருள் தம்பிக்குத் தெரிந்திருக்கும்: அப்போஸ்தலர் நடபடிகள் மூன்றாம் அதிகாரத்தில், அலங்கார வாசலில் உட்கார்ந்திருந்த சப்பாணியைப் பேதுரு தூக்கிவிட்டதும் "அவனுடைய கால்களும் கரடுகளும் பெலன்கொண்டது". கொங்கு நாட்டில் கரடு என்றால் பாறைக்குன்று. மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கினால் ஊருக்கு ஒரு கரடு. காலில் புடைத்து நிற்பதற்கும் நிலத்தில் புடைத்து நிற்பதற்கும் ஒரே பெயர்.

உடற்கூற்றைத் தமிழில் சொல்ல முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு அவர் நூல்களில் இருக்கும் சொல் 'அங்காதிபாதம்'. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று நம் சிற்றிலக்கியத்தில் தெய்வத்தை அடிமுதல் முடிவரை, முடிமுதல் அடிவரை பாடுவார்களே, அந்த அச்சில் வார்த்த சொல். அவருடைய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வந்தது. வெளிநாட்டுக்காரருக்கு இருந்த துணிவு நமக்கு இல்லை.

என் யோசனை: மெட்டாடார்சலுக்குப் 'புறவடி எலும்பு'. பாதத்தின் மேற்பக்கம்தான் புறவடி. தடவிப் பார்த்தால் அந்த ஐந்தும் அங்கேதான் விரலில் படுகின்றன.

கூடலூர் செல்வி:
ஐயா, தமிழ்ல ஏற்கெனவே சொல் இருக்குங்க. எங்க அப்பா இலங்கையில அட்டன்ல படிச்சவர். 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் வந்த குடும்பங்கள்ல எங்களுதும் ஒண்ணு. இங்க வந்து அரசாங்கத்தோட டேன்டீ தேயிலைத் தோட்டத்துலதான் வேலை. அவர் மெட்டாடார்சலை 'அனுகணுக்காலென்பு'ன்னு சொல்லுவார், அங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தானாம். எலும்புன்னு எழுத மாட்டாங்க, என்புதான். நாங்க சின்ன வயசுல சிரிப்போம். அப்புறம் பள்ளிக்கூடத்துல "அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு" வந்தப்பத்தான் சிரிப்பு நின்னுச்சு.

கோத்தகிரி குமரன்:
செல்வி அக்கா, அனுகணுக்காலென்புன்னு சித்தியைச் சொல்லச் சொன்னேன். மூணாவது எழுத்துலயே நாக்கு சுளுக்கிக்கிச்சாம்.

ஓய்வு தமிழாசிரியர், உதகை:
@செல்வி, என்பு அருமையான சொல். ஆனால் 'அனு' என்ன? சமஸ்கிருத முன்னொட்டு, 'பின்தொடர்ந்து' என்று பொருள். மெட்டாவுக்கு அனு, டார்சலுக்குக் கணுக்கால். வெள்ளைக்காரன் வார்த்தையைக் கட்டம் கட்டமாகப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். இதற்கு மெட்டாடார்சலே தேவலை.

கூடலூர் செல்வி:
ஐயா, லத்தீன் கிரேக்கம் தெரியாத ஒரு பிள்ளைக்கு மெட்டாடார்சல்னா வெறும் சத்தம். அனுகணுக்காலென்புன்னா கணுக்காலுக்கு அடுத்த எலும்புன்னு அதுவே சொல்லிடுது. எங்கப்பாவுக்கு அந்த எலும்பு எங்க இருக்குன்னு இன்னைக்கும் மறக்கலை. எனக்கு மறந்துடும்.

குன்னூர் பிசியோ:
இதுல நடைமுறைச் சிக்கல் ஒண்ணு. ஐயா சொல்ற புறவடியில மெட்டாடார்சல் மட்டும் இல்லை. அதுக்குப் பின்னாடி இருக்கற ஆப்பு வடிவ எலும்பு மூணும், படகு எலும்பும் அதே மேற்பக்கத்துல கைக்குத் தட்டுப்படும். 'புறவடி எலும்பு முறிவு'ன்னு ஒருத்தர் எழுதி இன்னொருத்தர் படிச்சா எதுன்னு குழம்பும். இந்த ரெண்டு கூட்டமும் சந்திக்கற மூட்டு விலகினா கதையே வேற, அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். அதுக்குத்தான் லிஸ்ஃபிராங்க்னு ஒரு பிரெஞ்சு சர்ஜன் பேரை வெச்சிருக்காங்க. நான் நோயாளிகிட்ட பேசும்போது "பாதத்துல நீளமா ஓடற அஞ்சு எலும்புல கடைசி"ன்னு சொல்றேன், காகிதத்துல மெட்டாடார்சல்னு எழுதறேன். ரெண்டு வேலைக்கு ரெண்டு வார்த்தை.

ஓய்வு தமிழாசிரியர், உதகை:
எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்றால் தமிழ் என்றைக்கு எழுதப்படும்?

சுபேதார், பேரக்ஸ்:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர்ல ட்ரெயினிங் எடுத்தவனுக்கு இந்த எலும்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுசா வர்ற பசங்க கனமான பூட்ஸோட தினம் டிரில் அடிப்பாங்க. சில பேருக்குப் பாதம் வீங்கும், விழவும் மாட்டான், அடியும் பட்டிருக்காது. எக்ஸ்ரே எடுத்தா முதல்ல ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாள் கழிச்சு எடுத்தா ரெண்டாவது இல்ல மூணாவது மெட்டாடார்சல்ல முடி மாதிரி கீறல், சுத்தி புது எலும்பு வளர்ந்திருக்கும். இதுக்கு எங்க பேர் மார்ச் ஃபிராக்சர். 1855ல பிரைட்ஹாப்ட்னு பிரஷ்ய ராணுவ டாக்டர் இந்த வீக்கத்தை எழுதினப்ப எக்ஸ்ரேயே கிடையாது, நாண் உறையில அழற்சின்னு நினைச்சார். 1895ல எக்ஸ்ரே வந்துச்சு, 1897லதான் ஸ்டெகோவ்னு இன்னொருத்தர் படம் எடுத்து எலும்பு முறிஞ்சிருக்குன்னு காட்டினார்.

நீங்க எலும்புக்குப் பேர் தேடறீங்க. எங்க ஆளுங்க அது எப்படி உடைஞ்சுதுங்கறதைப் பேரா வெச்சுட்டாங்க. மார்ச் ஃபிராக்சர்னா எந்தச் சிப்பாய்க்கும் புரியும்.

லவ்டேல் கோல்கீப்பர்:
எங்க தலைமுறைக்கு இந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது இங்கிலாந்து கால்பந்து வீரர் பெக்காம்தான் சார். 2002 உலகக் கோப்பைக்கு முன்னாடி இடது கால் ரெண்டாவது மெட்டாடார்சல் உடைஞ்சுது. இங்கிலாந்துல பேப்பர்க்காரங்க எல்லாம் ஒரே நாள்ல எலும்பு டாக்டர் ஆயிட்டாங்க. 2006ல அதே டீமோட ரூனிக்கும் அதே கதை. அதுக்கு முன்னாடி பந்து ஆடறவன் கால்ல அடின்னா முட்டி, இல்ல கணுக்கால். அவ்வளவுதான் தெரியும்.

கட்டபெட்டு கண்ணன்:
மத்த எலும்புக்கெல்லாம் என்ன பேர் வெச்சிருக்காங்க? அதுவும் சமையக்கட்டுச் சாமான்தானா?

அருள் வெலிங்டன்:
கிட்டத்தட்ட. பேர் வெச்சவங்க கண்ணுக்கு எது தெரிஞ்சுதோ அது. நேவிகுலர்னா லத்தீன்ல குட்டிப் படகு. கியூனிஃபார்ம்னா ஆப்பு வடிவம். களிமண்ணுல ஆப்பு ஆப்பாக் குத்தி எழுதின பழைய மெசபடோமிய எழுத்துக்கும் இதே பேர்தான். கியூபாய்டு கனசதுரம். விரல் எலும்பு ஃபாலன்க்ஸ், கிரேக்கப் படை ஈட்டியோட அடுத்தடுத்து வரிசை கட்டி நிக்கற அணிவகுப்பு. சுபேதார் ஐயாவுக்குப் பிடிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கணுக்கால் உச்சியில உக்காந்திருக்கற டேலஸ். ரோமர்களுக்கு டேலஸ்னா கணுக்காலும்தான், பகடையும்தான். ஆடு செத்தா அதோட அந்த எலும்பை எடுத்துக் கழுவி உருட்டி ஆடுவாங்க. அது உருண்டா நாலு பக்கத்துலதான் நிக்கும், ரெண்டு முனையிலயும் நிக்காது. ஒண்ணு, மூணு, நாலு, ஆறுன்னு கணக்கு. ரெண்டும் அஞ்சும் இல்லை. நாலு எலும்பை ஒண்ணா உருட்டி, நாலும் வேற வேற பக்கமா விழுந்தா அதுக்கு வீனஸ்னு பேர், அதுதான் பெரிய ஆட்டம். நாலுலயும் 'ஒண்ணு' விழுந்தா நாய். நம்ம தாயத்துல தாயம் விழாம உக்காந்திருக்கறவன் மூஞ்சி எப்படி இருக்குமோ, அங்க நாய் விழுந்தவன் மூஞ்சி அப்படி இருந்திருக்கும்.

கிரேக்கர்கள் அதையே அஸ்ட்ரகாலஸ்னாங்க. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுல இந்தப் பேரும், குதிகாலுக்கு ஆஸ் கால்சிஸ்ங்கற பேரும் பார்க்கலாம். ஒரே எலும்புக்கு ஊருக்கு ஒரு பேரா இருந்ததால, 1895ல சுவிட்சர்லாந்து பேசல் நகர்ல உடற்கூற்றுக்காரங்க கூடி, உடம்பு முழுக்கப் புழங்கின ஏறத்தாழ ஐம்பதாயிரம் பெயர்களை ஐயாயிரமாக் குறைச்சாங்க. அதனால தமிழாசிரியர் ஐயா, பேர்ச் சண்டை நமக்கு மட்டும் இல்லை.

குருவிக்காரன், கேத்தி:
பறவைக்காரங்க பக்கமும் ஒரு வரி. நாங்க பறவைக் காலை அளக்கறப்ப 'டார்சஸ் நீளம்'னு எழுதறோம். கொக்குக்கும் நாரைக்கும் முட்டி பின்னாடி மடங்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது முட்டியே இல்லை, கணுக்கால். முட்டி மேல இறகுக்குள்ள மறைஞ்சிருக்கு. கண்ணுக்குத் தெரியற அந்த ஒல்லிக்கால், கீழ்ப்பக்கத்து டார்சலும் மெட்டாடார்சலும் உருகி ஒட்டின ஒரே எலும்பு. குமரன் தம்பி சித்திக்கு உடைஞ்சது எந்தக் கூட்டத்து எலும்போ, அந்தக் கூட்டத்தைத்தான் கொக்கு ஒத்தைக்கால்ல ஊணி நிக்குது.

மசினகுடி மாறன்:
பறவையை விடுங்க, தெப்பக்காடு முகாம்ல யானைக் காலைப் பாருங்க. பார்க்கத் தூண் மாதிரி மொத்தப் பாதமும் தரையில இருக்கற மாதிரி தெரியும். உள்ள எலும்பு விரல்நுனியில நிக்கற மாதிரி சாஞ்சுதான் இருக்கு. குதிகாலுக்கு அடியில பெரிய கொழுப்பு மெத்தை. மாவுத்தன் பாதத்தைத் தூக்கிக் கழுவும்போது அடிப்பக்கம் எவ்வளவு மெத்துன்னு அமுங்குதுன்னு தெரியும்.

அந்த மெத்தைக்குள்ள ஆறாவது விரல் மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கும். பேட்ரிக் பிளேர்னு ஸ்காட்லாந்து சர்ஜன் செத்த யானை ஒண்ணை அறுத்துப் பார்த்து, 1710லயே அதை எழுதி வெச்சார். ரொம்ப காலம் வெறும் குருத்தெலும்புன்னு விட்டுட்டாங்க. 2011ல லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஹட்சின்சன் குழு, அது பாரம் தாங்கற எலும்புன்னு காட்டுச்சு. அது எந்த வகை எலும்பு தெரியுமா? செசமாய்டு. செசமான்னா எள்ளு. நம்ம கட்டைவிரல் அடியில ரெண்டு செசமாய்டு இருக்கு, பிசியோ சொன்ன 26ல அது சேராது. மனுசனுக்கு எள்ளு சைஸ்னு பேர் வெச்சாங்க, யானைக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு.

குன்னூர் பிசியோ:
மாறன் சொன்னது சரி. மனுசனுக்கே அது எள்ளை விடப் பெருசு, பட்டாணி அளவு வரும். எள்ளுன்னு பேர் வெச்சவர் எந்த எலும்பைப் பார்த்தாரோ!

தமிழன்டா 77:
யாரும் கவனிக்கலையா? குதிகால் எலும்பு பேர் கால்கேனியஸ். 'கால்'! தமிழ்ல இருந்து போனது. லத்தீனே நம்மகிட்ட கடன் வாங்கினது.

அருள் வெலிங்டன்:
தம்பி, லத்தீன்ல 'கல்க்ஸ்', அகரம் குறில். அதுக்குக் குதிகால்னு மட்டும்தான் அர்த்தம், முழுக் காலுக்கு வேற சொல் வெச்சிருந்தாங்க. நம்ம 'கால்' நெடில். கன்னடத்துலயும் தெலுங்குலயும் காலு, மலையாளத்துல கால். தெற்குக் குடும்பம் முழுக்க நெடிலோட, முழுக் காலையும் குறிச்சுக்கிட்டு நிக்குது. ஓசை ஒத்துப்போறது மட்டும் போதாது. இதுல இன்னொரு பொறியும் இருக்கு: லத்தீன்ல சுண்ணாம்புக்கும் 'கல்க்ஸ்'தான், அதுல இருந்துதான் கால்சியம். எலும்புல கால்சியம் இருக்கறதால கால்கேனியஸ்னு பேர் வந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. ஒரே ஓசை, ரெண்டு தனிச்சொல்.

தமிழன்டா 77:
குறில் நெடிலாகாதா? காலம் போனா மாறாதா?

கூடலூர் செல்வி:
குதிகால்தான் வேணும்னா எங்க ஊர்ப் பக்கம் வாங்க. மலையாளத்துல மடம்பு, கன்னடத்துல ஹிம்மடி, தெலுங்குல மடம. மூணுலயும் அந்த 'மட' இருக்கு பாருங்க. ஒரே பஸ்ல மூணையும் கேக்கலாம். ரோமாபுரி வரைக்கும் எதுக்குப் போகணும்?

ஓய்வு தமிழாசிரியர், உதகை:
@செல்வி, அதைத் தனி இழையாக எழுதுங்கள், நான் வருகிறேன். பிசியோ தம்பிக்கு ஒரு கேள்வி: புறவடி கூடாது என்றால் 'நெட்டடி எலும்பு' ஒத்துவருமா? நீளமாக ஓடுகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

குன்னூர் பிசியோ:
அது பரவாயில்லைங்க ஐயா. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எண் போட்டு எழுதுங்க, கட்டைவிரல் பக்கத்துல இருந்துதான் எண்ணணும்னு கூடவே சொல்லிடுங்க. சொல் புதுசா இருந்தாலும் எண்ணைத் திருப்பி எண்ணிட்டா வேற எலும்புக்குக் கட்டுப் போட்டுடுவாங்க.